அத்தை காலுக்குக் கட்டு

நஞ்சுண்டன் மறுபடியும் கட்டை அவிழ்க்கத் தொடங்கியதும் செல்லாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள். மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்காவிட்டால், அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என அவள் நினைத்திருக்க வேண்டும்.

"இறுக்கமா இருக்குதான்னு கேளு," என்றான் அவன், பக்கத்தில் நின்ற மனைவி துளசிமணியிடம்.

"ஏம்மா, இறுக்கமா இருக்குதா?"

"இல்லைன்னு சொல்லு கண்ணு," என்றது தலைப்புக்குள்ளிருந்து குரல்.

கல்யாணமான நாளிலிருந்து அத்தையும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது இப்படித்தான். அவ்வளவு மரியாதை. நடுவில் துளசிமணி இல்லாவிட்டால் வீடு தீப்பிடித்தால்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுப் போடுகிற வேலையும் துளசிமணியுடையதுதான். ஆனால் அவள் துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். சோறாக்கத்தான் செல்லாத்தாள் கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஊரிலிருந்து வந்த பெரிய மனுசியிடம் எல்லா வேலையையும் தள்ளிவிடக் கூடாது என்று நஞ்சுண்டனும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தான். காய்கறி அரிந்தான், பாத்திரம் கழுவினான், தண்ணீர் பிடித்தான். அப்படி இருந்தும் அந்த வாரமே அத்தையின் கால் இரண்டும் வீங்கின. கணுக்கால் எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் ரத்தம், சிறுநீர், இருதயம் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதினார். ரொம்ப நேரம் நிற்கிற வேலை ஏதாவது உண்டா என்று செல்லாத்தாளைக் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நஞ்சுண்டன் முந்திக்கொண்டு, ஒரு வேலையும் நான் செய்ய விடறதில்லீங்க என்று சொல்லிவிட்டான். ரிசல்ட் வருகிறவரை காலையில் படுக்கையை விட்டு எழும்பும் முன்பே க்ரேப் பேண்டேஜ் சுற்றிவிட வேண்டும் என்றார் டாக்டர். எப்படிச் சுற்றுவது என்று நர்ஸ் இஸ்மத் செய்து காட்டினாள்.

நஞ்சுண்டன் அதைப் பாதிதான் பார்த்தான். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பிரிவுக்கு அவன் சூப்பர்வைசர். சுற்றுவதைப் பற்றித் தனக்கே பாடமா என்று நினைப்பு.

முதல் நாள் சுற்றியது இட்லி வேகும் முன்பே நழுவிக் கணுக்காலில் தண்டை மாதிரி சேர்ந்துகொண்டது. அவிழ்ந்த துணி பின்னால் வால் மாதிரி இழுபட, செல்லாத்தாள் அடுப்படிக்குள் போனாள். மறுநாள் அவன் காயில் சுற்றுகிற இறுக்கத்திலேயே சுற்றினான். கால்விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. அவள் வாயே திறக்கவில்லை. துளசிமணி தற்செயலாகக் குனிந்து பார்த்து அலறியடித்து அவிழ்க்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சூப்பர்வைசர் நினைப்பு போய்விட்டது. இஸ்மத்திடம் திரும்பப் போய், முழுசாகக் கற்றுக்கொண்டு வந்தான். விரல் பக்கமிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூட வேண்டும், பாதத்தில் இருக்கிற இறுக்கம் மேலே போகப் போகக் குறைய வேண்டும். முதலில் தலையணைக்குச் சுற்றிப் பார்த்தான். பிறகு தன் காலுக்கே சுற்றிக்கொண்டு கடைவீதி வரை நடந்து பார்த்தான். இப்போது அவன் போடுகிற கட்டு கம்பெனி இன்ஸ்பெக்ஷனில் வைத்தாலும் பாஸாகிவிடும்.

வீக்கம் மட்டும் இறங்கவில்லை. சாயங்காலமானால் முழங்காலைத் தொட்டது.

லீவை நீட்டினான். அத்தை படுத்து ஓய்வெடுக்கக் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து, காலை உயர்த்தி வைக்கத் தலையணைகளை அடுக்கினான். ஏதாவது வேண்டுமென்றால் உடனே எழுந்து கொடுக்கலாம் என்று கட்டிலுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். அத்தையைப் படுக்கச் சொல் என்று துளசிமணியிடம் சொல்லியனுப்பினால், "செத்த நேரத்துல வாரேன்னு சொல்லு கண்ணு," என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். உழைத்த உடம்பு, சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டு, அடிக்கடி எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

வீக்கம் இன்னும் ஏறியது.

ஒரு நாள் கொல்லைப்புறத்தில் துளசிமணி ஒற்றைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அப்பா போனபின் அவளை ஒண்டியாக வளர்த்தவள் செல்லாத்தாள். கிட்னியாக இருக்குமோ, இருதயமாக இருக்குமோ என்று துளசிமணி கேட்டாள். நான்தான் தப்பாகக் கட்டிக் கெடுத்துவிட்டேனோ என்கிற பயம் அவனுக்கு. அதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

ரிசல்ட்டை வீட்டுக்குப் போகிற வழியில் தானே கொண்டுவருவதாக இஸ்மத் சொல்லியிருந்தாள். அன்று நஞ்சுண்டன் பன் வாங்கப் போய்விட்டு வண்டியை வாசலில் நிறுத்தியபோது அவள் முன்பே வந்து, அடுப்படியில் செல்லாத்தாளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ரிசல்ட்டோடு வாசலுக்கு வந்தாள். துளசிமணியும் பின்னாலேயே வந்தாள்.

இருதயம் நல்லாயிருக்கிறது, கிட்னி நல்லாயிருக்கிறது, சர்க்கரைகூட இல்லை என்றாள் இஸ்மத். துளசிமணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நஞ்சுண்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்கு மேல் அடக்க முடியாமல், பயந்து வைத்திருந்ததைக் கேட்டான்.

"அப்ப நான் கட்டற கட்டுலதான் தப்பாங்க?"

இஸ்மத் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டுல ஒரு குறையும் இல்லீங்ணா. நீங்க லீவை ரத்துப் பண்ணிப்போட்டு நாளைக்கே வேலைக்குப் போயிருங்க. மாப்பிள்ளை ஊட்டுல இருக்கறப்ப உட்கார்றது மரியாதை இல்லைன்னு, உங்கத்தை வந்ததுல இருந்து பகலெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கறாங்க."