பதினாலு கிலோமீட்டரும் ஓர் எலுமிச்சம்பழமும்

பாயான் பாரு, பினாங்கு,
ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

மதிப்பிற்குரியவரும், அம்மாவின் ஒரே தம்பியும், நேற்று ஒரே நாளில் இருபத்து மூன்று முறை போன் அடித்தவருமான ஜெயராஜ் மாமா அவர்களுக்கு, அக்காள் மகள் காமினி மிகுந்த பணிவுடன் (நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது, மேலே படியுங்கள்) எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா, உங்கள் புது மின்சாரக் கார் நால்வரும் நலம். அங்கு ஜெர்மனியில் நீங்களும், உங்கள் மூன்று மாதப் பயிற்சியும், நீங்கள் கிளம்பும்போது சூட்கேஸில் நான் வைத்த ரப்பர் பல்லியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"வாய்ஸ் மெசேஜ் வேணாம், நீ பேசினா எனக்குச் சிரிப்பு வந்துடும், அப்புறம் திட்ட முடியாது, நடந்ததை வரிசையா எழுதி அனுப்பு" என்று நீங்கள் கட்டளையிட்டதால் இந்தக் கடிதம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் ஆபீஸ்காரர்கள் யாரும் எட்டிப் பார்த்துப் படித்து நம் குடும்ப மானத்தை ஏற்றுமதி செய்துவிடக் கூடாது என்பதுதான். முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மூச்சை விடுங்கள்: மீட்டர் பதினாலு. கடைக்காரர் ஓட்டிவந்து நம் வாசலில் நிறுத்தியபோது இருந்த அதே பதினாலு கிலோமீட்டர். மறுநாள் நீங்கள் விமானம் ஏற வேண்டியிருந்ததால் பூஜை போட நேரமில்லை. "எலுமிச்சம்பழம் நசுக்காம சக்கரம் உருளக் கூடாது" என்று அம்மா சொல்ல, "அப்ப கடையிலேருந்து வந்தது?" என்று நான் கேட்க, "அது கடைக்காரன் பாவம், நமக்கு ஒட்டாது" என்று அம்மா தீர்ப்புச் சொல்ல, "நான் திரும்பி வந்து என் கையாலேயே நசுக்குறேன், அதுவரைக்கும் யாரும் உருட்டாதீங்க" என்று நீங்கள் சத்தியம் வாங்கினீர்கள். என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் வரும்போது மீட்டர் பதினாலுல இருந்து, உன் ராக்கெட்டும் கோலாலம்பூர் போட்டிக்குத் தேர்வாச்சுன்னா, நானே இந்தக் காடில கூட்டிட்டுப் போறேன். பதினஞ்சு ஆச்சுன்னா நீ கேஎல்லை யூடியூப்ல பாத்துக்கோ" என்றீர்கள். அம்மாவும் "மாமா கூட்டிட்டுப் போனாதான் கேஎல், இல்லேன்னா இல்ல" என்று முத்திரை குத்திவிட்டார். ஆக, என் விண்வெளி வாழ்க்கை மொத்தமும் இரண்டு இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். காடி ஓடவில்லை, பேட்டரி மட்டும் ஏன் இறங்குகிறது? மாமா, உருளக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், உட்காரக் கூடாது என்று சொன்னீர்களா? அப்பா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தலையணையோடு உள்ளே போய், ஏர்கோனைப் பதினாறில் வைத்து, நாலு மணி வரை "காடியைக் காவல் காக்கிறார்". குறட்டைச் சத்தத்தில் கண்ணாடி அதிருவதைப் பார்த்தால் திருடன் பக்கத்தில் வர மாட்டான் என்பது உண்மைதான். அம்மாவோ, காடியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம் என்று கடைக்காரர் காட்டினாரே, அதைப் பார்த்த நாளிலிருந்து கிரைண்டரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "வீட்டுக் கரண்ட்டைத்தாம்மா காடிக்கு ஊத்துறோம், அதையே திரும்பக் காடியிலேருந்து எடுத்து மாவாட்டுறதுல என்னம்மா லாபம்?" என்று நான் கேட்டதுக்கு, "உனக்கு என்னடி தெரியும், இந்தக் கரண்ட்டுல ஆட்டினா இட்லி பஞ்சு மாதிரி வருதுலா" என்றார். நான் சயின்ஸ் படிக்கிற பிள்ளை, சண்டை போட்டிருப்பேன். ஆனா இட்லி நிஜமாவே பஞ்சு மாதிரி இருந்துச்சு, இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிக்கிட்டேன். இன்னொரு விஷயம், நீங்க எப்போ வந்தாலும் பூஜை ரெடியா இருக்கணும்னு அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி காடி முன்னால தட்டுல வைக்கிறாங்க, பழசை ஊறுகாய் போடுறாங்க. இதுவரைக்கும் ஆறு பாட்டில். நீங்க சீக்கிரம் வரலைன்னா பாயான் பாருவே புளிச்சுப் போயிடும்.

இப்ப என் ராக்கெட். தண்ணி ராக்கெட்தான், பயப்படாதீங்க. பாட்டில்ல கொஞ்சம் தண்ணி, மீதி காத்து, அமுக்கி அடைச்சு விட்டா விர்ர்ர். ஆனா எல்லாப் பள்ளிக்கூடமும் மேல போற ராக்கெட்தான் செய்யுது. நானும் என்கூடப் படிக்கிற ஷாஹிராவும் செஞ்சது திரும்பி வர்ற ராக்கெட். டிவில பெரிய ராக்கெட் வானத்துக்குப் போயிட்டுத் திரும்ப வந்து காலை ஊனி நிக்குதே, அந்த மாதிரி. ரெண்டு அடுக்கு, குடைத் துணியில பாராசூட், கறி குத்துற சாத்தே குச்சியில மூணு காலு. முதல் ஆறு ராக்கெட்டும் மூக்கு குத்தி விழுந்ததால அதுக்கெல்லாம் விழு-ஒண்ணுலேருந்து விழு-ஆறு வரைக்கும் பேரு. ஏழாவதுக்கு மட்டும் எழு-ஏழு. பிரச்சினை என்னன்னா, எழு-ஏழுக்கு அடிக்க வேண்டிய காத்துக்கு சைக்கிள் பம்பு பத்தலை, அடிச்சு அடிச்சு ஷாஹிரா ஒரு வாரம் ஒரு கைய மட்டும் தூக்கிட்டுத் திரிஞ்சா. காத்தடிக்கிற மெஷின் வேணும், மெஷினுக்குக் கரண்ட் வேணும், போட்டி நடக்கிற பாடாங் மைதானத்துல கரண்ட் இல்ல. எங்க சயின்ஸ் வாத்தியார் சிக்கு ஸுல்கிஃப்லியும் கைய விரிச்சுட்டாரு. பினாங்குலேயே நகரக்கூடிய பெரிய பேட்டரி எங்க இருக்குன்னு நான் யோசிச்சேன். அது நம்ம வாசல்ல, அப்பாவை உள்ள வெச்சுக்கிட்டுக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்துச்சு.

ஆனா சக்கரம் உருளக் கூடாதே! இங்கதான் உங்க மருமகளோட மூளையை நீங்க பாராட்டணும். ஷாஹிராவோட அத்தா ஹபீப் முகம்மது அங்கிள், தண்ணி டேங்க் தூக்கி வைக்கிற கிரேன் லாரி ஓட்டுறாரே, அவர்கிட்ட போய்ப் பேசினோம். "அங்கிள், காடியை உருட்டாம தூக்கிட்டுப் போக முடியுமா?" "ஏன் பாப்பா, சக்கரம் இல்லையா?" "சக்கரம் இருக்கு அங்கிள், எலுமிச்சம்பழம் நசுக்கலை." "சரி, புரியலை, ஆனா தூக்கலாம்"னாரு. அப்படித்தான் நேத்துக் காலைல பெரிய பெல்ட்டு நாலு கட்டி, பெல்ட்டுக்கு அடியில நம்ம வீட்டு மெத்தை ரெண்டைக் குடுத்து, உங்க காடி வானத்துக்கு ஏறுச்சு. அப்பா கண்ணை மூடிக்கிட்டாரு. அம்மா எலுமிச்சம்பழத் தட்டைத் தூக்கிக்கிட்டு லாரி முன் சீட்டுல ஏறிட்டாங்க. எங்க ராக்கெட்டுக்கு முன்னாடி பறந்தது உங்க காடிதான் மாமா, பெருமைப்படுங்க.

அதாவது, மீட்டர் பதினாலுலேயே இருக்க, காடி மட்டும் உங்க போன் ஆப்புல பாயான் பாருவுலேருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்னதுக்கு இதுதான் விளக்கம். அங்க ஜெர்மனில அதிகாலைல அந்த ஆப் உங்களுக்கு ஆப்பு வெச்சு எழுப்பிடுச்சு, திருடன்னு நினைச்சு நீங்க போன் அடிச்சீங்க. போனெல்லாம் அம்மா பையில முறுக்கு டப்பாவுக்கு அடியில இருந்துச்சு.

பாடாங்ல காடி லாரி மேலேயே நின்னு கரண்ட் குடுத்துச்சு, மெஷின் காத்தடிச்சுச்சு. கடைசி நேரத்துல மூக்குக்கு எடை பத்தலை, மேல போனா ஆடும். ஷாஹிரா சுத்திப் பார்த்துட்டு, அம்மா தட்டுலேருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்குக்குள்ள திணிச்சுட்டா. "ஏய், அது பூஜைக்கு!" "உங்கம்மா பாக்கலைலா, விடு!" விட்டோம். போச்சு மாமா, அப்படி ஒரு போக்கு! ரெண்டாவது அடுக்கு பிரிஞ்சுச்சு, குடைத் துணி விரிஞ்சுச்சு, மொத்தப் பாடாங்கும் "ஓ"ன்னுச்சு. அப்புறம் கடல் பக்கத்துலேருந்து காத்து வந்துச்சு. எழு-ஏழு மெதுவா, ரொம்ப மரியாதையா, லாரி பக்கமா நகர்ந்து வந்து, உங்க காடி கூரை மேல மூணு காலையும் ஊனி நின்னுச்சு. ரெண்டு செகண்ட். நடுவர் கண்ணால பார்த்தாரு. அப்புறம் சாஞ்சு, மூக்கு கழண்டு, எலுமிச்சம்பழம் கண்ணாடி வழியா உருண்டு, பானெட் மேல குதிச்சு, லாரிப் பலகைல முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால போய் உட்கார்ந்துச்சு.

சரியா அந்த நேரம் ஹார்ன் அடிக்க ஆரம்பிச்சுது. நிக்கவே இல்ல. ராக்கெட் விழுந்ததாலன்னு நாங்க நினைச்சோம். இல்ல. திருடனைப் பயமுறுத்த ஜெர்மனிலேருந்து ஆப்புல ஹார்னை அமுக்கினது யாரு மாமா? "அத நிறுத்துங்க, ஊரே பாக்குது"ன்னு அம்மா கத்த, அப்பா லாரி மேல ஏறி, காடிக்குள்ள போய், கண்ணுல பட்டதையெல்லாம் அமுக்கினாரு. இருபது வருஷமா சத்தம் போடுற காடி ஓட்டுனவரு, இதுல சத்தமே வராததால "இன்னும் ஸ்டார்ட் ஆகலை"ன்னு நினைச்சு மிதிச்சாரு. காடி ஒரு முழம் முன்னால வந்துச்சு, பெல்ட்டு இழுத்துப் பிடிச்சுது. சக்கரத்துக்கு அடியில 'சளக்'.

அம்மா உடனே மணி பார்த்தாங்க. "பதினொன்னு அஞ்சு. ராகு காலம் முடிஞ்சுடுச்சுலா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஹபீப் அங்கிள், "அக்கா, பழம் வானத்துலேருந்தே வந்து விழுந்திருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?"னாரு. அப்பா உள்ளேருந்து, "ஹார்ன் நின்னுச்சா?"னு கேட்டாரு.

ஆகவே மாமா, நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஹார்னை அடித்தது நீங்கள். ஹார்ன் அடித்ததால் அப்பா ஏறினார், ஏறியதால் மிதித்தார், மிதித்ததால் பழம் நசுங்கியது. சொன்ன சொல் தவறாமல், ஜெர்மனியில் இருந்துகொண்டே, உங்கள் கையாலேயே நசுக்கிவிட்டீர்கள். இனி யார் மேலும் கோபப்பட உங்களுக்கு வழியில்லை. சேதாரம்: கூரையில் சாத்தே குச்சி வைத்த மூன்று புள்ளிகள், கோலம் போட ஆரம்பித்து நிறுத்தியது போல. ஆதாயம்: அந்த இரண்டு செகண்ட் நின்றதற்காக எங்களுக்கு மூன்றாம் இடம். மூன்றாம் இடம் வரைக்கும் கேஎல்! அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. நீங்கள் இருபதாம் தேதி வந்துவிடுகிறீர்கள். ஒரு முழத்துக்கு மீட்டர் ஏறாது. இப்போதுகூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: பதினாலு. சொன்ன வாக்கைக் காப்பாற்றுவீர்கள் என்று எழு-ஏழின் மூன்று கால்களையும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா ஊறுகாய் இரண்டு பாட்டில் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். அப்பா உங்களை விசாரித்தார், காடியை இன்னும் அதிகமாக விசாரித்தார். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள், இந்தக் கடிதம் வரும்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள். வேறு சேதி இல்லை. இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆசி, மன்னிப்பு, முன் சீட்டு மூன்றையும் எதிர்பார்க்கும்
காமினி

பி.கு. (மத்தியானம் மூணு மணி): மாமா, ஆப்பைத் திறக்காதீங்க. முதல்ல இதைப் படிங்க. நான் மேல கையெழுத்துப் போட்டுட்டு ஷாஹிரா வீட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள, "நாலு சக்கரத்துல ஒண்ணுதானே நசுக்கியிருக்கு, அரைகுறையா விட்டா ஆகாது"ன்னு அம்மா சொல்லி, மீதி மூணு பழத்தையும் அப்பா வாசல்லேயே நசுக்கியிருக்காரு. நசுக்கினவரு நிறுத்தியிருக்கலாம். "சத்தமே இல்லைலா, மெத்தைல படுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு"ன்னு பாலத்தைத் தாண்டி, நிபோங் திபால் பக்கத்துல பைராம் தோட்டத்துக்குச் சொந்தக்காரங்ககிட்ட காட்டப் போயிட்டாங்க. அங்க அம்மா கிரைண்டர் வித்தையைச் செஞ்சு காட்டியிருக்காங்க. உடனே வீட்டுக்கு ஒருத்தரா மாவு, மிளகாய், மிக்ஸின்னு தூக்கிட்டு வந்து வரிசைல நின்னுட்டாங்களாம். இப்ப பேட்டரி மூணு பர்சென்ட். தோட்டத்துல எல்லார் வீட்டுலயும் நாளைக்கு இட்லி. ஆகையால், மேலே 'பதினாலு' என்று வரும் இடங்களில் எல்லாம் 'ஐம்பத்தெட்டு' என்று திருத்தி வாசிக்கவும்.

திரும்பி வர்றப்ப மீட்டர் ஏறாது, அதுக்கு நான் உத்தரவாதம். ஹபீப் அங்கிள் லாரியோட கிளம்பிட்டாரு. இருபத்தெட்டாம் தேதிக்கும் அவர்கிட்ட பேசியாச்சு. லாரி முன் சீட்டுல நானும் ஷாஹிராவும். நீங்க மேல உங்க காடிக்குள்ள ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து வாங்க மாமா. நீங்களே ஓட்டுற மாதிரியேதான் இருக்கும். கேஎல் வரைக்கும் மீட்டர் ஐம்பத்தெட்டுதான்.