சேஷன் எனக்கு எட்டாம் தலைமுறை

வலியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1108, மீனம் 9

சிரஞ்சீவி மருமான் கல்யாணராமனுக்கு, நாகேஸ்வரன் மாமா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா மறுக்கிறது. நீ மதராசில் சட்டம் படிக்கிறவன், ஆகவே முறையீடு உனக்கு.

நம் வார்டு முனிசிபல் மெம்பர் ஸ்தானத்துக்கு நானும் பங்காளி சேஷனும் நின்றது உனக்குத் தெரியும். ஜெயம் எனக்கே என்று ஊர் பூரா பேச்சு. கோயில் ஆறாட்டு ஊர்வலத்து யானைகூட என்னைக் கண்டு ஒதுங்கி நின்றது. ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், காபி குடித்துக்கொண்டிருந்த சேஷன் அப்படியே சாய்ந்து போய்விட்டான். நான் அழுத அழுகையில் சாலைக் கடைத்தெருவே கதவடைத்தது. அழுது, முகம் கழுவி, எதிரி இல்லாததால் நான்தானே மெம்பர் என்று எலெக்‌ஷன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா தலை தூக்காமல், "ஒராள் மரிச்சால் எலெக்‌ஷனும் தீர்ந்நு, ஸ்வாமி. இனி ஆத்யம் முதல். புது நாமினேஷனுக்கு ஏழு திவசம்" என்றான். மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. செத்தவன் அவன், தண்டனை எனக்கா, இது என்ன ரூல்?

நாமினேஷனுக்கு ஏழு நாள், பங்காளித் தீட்டோ பத்து நாள். தீட்டோடு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க முடியாது. அங்கே உடைக்காமல் நான் ஒரு குடைகூட வாங்கியதில்லை. உன் மாமி சூடாமணி வேறு, "தீட்டோட அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டேளோ, நான் பொறந்தாத்துக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்கிறாள்.

ஏழு தலைமுறைக்குள் என்றால் பத்து நாள், அதற்கப்பால் மூன்றே நாள், இது சாஸ்திரம். வம்சாவளி ஏட்டை எடுத்தேன். ஒரே தாத்தா பெயர் இரண்டு இடத்தில் வந்தது. முட்டாள்கள் அவரை ஒருவர் என்றே இத்தனை காலம் எண்ணியிருக்கிறார்கள். நான் இருவர் என்று கண்டுபிடித்தேன். சேஷன் எட்டாம் தலைமுறை ஆனான். தெருநடுவில் நின்று நாலு சாஸ்திரிகள் காதில் விழ அதைச் சொன்னேன். இன்று நாலாம் நாள், குளித்தாயிற்று, நாளை நாமினேஷன்.

ஆனால் சேஷன் பெண்டாட்டி லலிதாம்பாள் ஜன்னல் வழியாக, "அவர் இருந்தவரைக்கும் அண்ணா தம்பி, போனப்பறம் எட்டாந் தலைமுறையா? நன்னா இருங்கோ" என்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். எனக்கு வரவேண்டிய பங்காளி வீட்டு ஓட்டு நாற்பதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் தம்பியை நிறுத்தப் போகிறார்களாம். மைத்துனனுக்குத் தீட்டே கிடையாது, அவன் சௌகரியத்தைப் பார். பங்காளி சொத்து பங்காளிக்கு வருகிற மாதிரி ஓட்டும் வர சட்டத்தில் ஏதாவது செக்‌ஷன் இருக்கும். அது எட்டாம் தலைமுறைக்கும் செல்லுமா என்று பார்த்து எழுது.

தீட்டுக் கழிந்த கையால் எழுதுவதால் இந்த ஆசீர்வாதம் முழுசாகப் பலிக்கும். என் தங்கை விஜயலக்ஷ்மிக்கும் அதில் பாதி கொடு.

இப்படிக்கு,
மாமா நாகேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்தக் குமாஸ்தா தெருவோடு போனான். "ஸ்வாமி அன்னு முழுவன் கேள்க்காதே போயில்லே? ஆத்யமே நின்ன ஆளுக்குப் பழைய நாமினேஷன் மதி" என்கிறான். முன்பே நின்றவன் புதிதாக எதுவும் கொடுக்க வேண்டாமாம். ஆகவே சேஷன் மறுபடி எனக்கு ஏழாம் தலைமுறை. லலிதாம்பாள் வீட்டுக்கு அழப் போகிறேன், நாற்பது ஓட்டு. மேலே உள்ள ஆசீர்வாதத்தை நீ எடுத்துக்கொள்ளாதே, தீட்டுக்காரன் எழுதியது. பதினோராம் நாள் வேறு அனுப்புகிறேன்.