நான் சேராத வேலைக்கு ராஜினாமா

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் இங்கே நலம். இதை நீ என் வாய்வார்த்தையிலேயே நம்பிவிடுவாய். இங்கிருக்கும் அலுவலகமாக இருந்தால் இதற்கே மூன்று பிரதியும் இரண்டு புகைப்படமும் கேட்டிருப்பார்கள்.

உன் பெண் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, டிக்கெட் எடுத்தாயிற்றா என்று நாலு தடவை கேட்டுவிட்டாய். நானும் நாலு தடவை "ஆச்சு, ஆச்சு" என்று மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. மகன் வீட்டில் இன்னும் ஒரு வருஷம் தங்க அனுமதி கேட்டு, வெளிநாட்டார் அலுவலகத்தில் கொடுத்தேன். பத்து நாள் என்றார்கள். பத்து வாரம் ஆகிவிட்டது.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டாம் மாடியில் ஒரு கூடம், ஏழு கவுண்ட்டர், அதில் ஐந்து எப்போதும் மூடியிருக்கும், ஆனால் அந்த ஐந்திலும் பூத்தொட்டி வைத்துத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வரிசை எண் தரும் இயந்திரத்துக்குப் பாலிதீன் பை மாட்டி 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டிய காகிதமே பழுப்பேறிவிட்டது. காலை ஆறு மணிக்கே இருநூறு பேர் வாசலில் நிற்பார்கள், ஒன்பதுக்குக் காவலாளி கதவைத் திறப்பார், அவ்வளவுதான், கடைசியில் நின்றவன் முதலில் போய்விடுவான், கைக்குழந்தைக்காரி சுவரோரம் நசுங்குவாள், பன்னிரண்டு மணிக்குத் திரையை இழுத்துவிடுவார்கள். மூன்று தடவை போய், மூன்று தடவையும் விலாவில் இடி வாங்கிக்கொண்டு திரும்பினேன். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். அறுபது பேர் பஸ்ஸில் நூற்றிருபது பேரை ஏற்றிச் சண்டை சச்சரவில்லாமல் இறக்கிவிட்டவன். என் கண் முன்னாலேயே இப்படி ஒரு கூத்தா? நாலாவது தடவை, சட்டைப் பையிலிருந்து என் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன்.

கூடமே அப்படியே நின்றுவிட்டது. காவலாளியும் நின்றுவிட்டார். மறுநாள் மகனுடைய பழைய டைரியைத் துண்டு துண்டாகக் கிழித்து நம்பர் எழுதிக்கொண்டு போனேன். கைக்குழந்தைக்காரர்கள் முன்னால், வயதானவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் நம்பர்படி. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் அடுத்த ஆள் போகலாம். நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாத ஜனங்கள், மூன்றே நாளில் "போலாம் ரைட்" சொல்லப் பழகிவிட்டார்கள். காவலாளி தன்னுடைய மஞ்சள் மேல்சட்டை ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். நாலாம் கவுண்ட்டர் அம்மாள் விண்ணப்பக் கட்டைத் தூக்கி என்னிடம் கொடுத்து, "இதையும் கொஞ்சம் பிரிச்சு வச்சிடுங்களேன்" என்றார். (அவர்கள் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்.) பதினொன்றரைக்கெல்லாம் கூடம் காலி. மகன் வீட்டில் இரண்டு வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கேயோ, நான் வந்துவிட்டேனா என்று இருநூறு பேர் எட்டிப் பார்த்தார்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. எனக்கு நானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றேன். பாஸ்போர்ட் பின்னால் அலமாரியிலேயே இருக்கிறது, ரப்பர் பேண்ட் போட்டு, என் கண்ணுக்குத் தெரிகிறது.

"உங்க ஃபைலை நான் தொடக்கூடாதுங்க. இங்க வேலை பாக்குறவங்களோடத இங்கயே பாக்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

"நான் எங்கம்மா இங்க வேலை பாக்குறேன்? வரிசையில நிக்க வந்தவன்."

"அப்ப அந்த மஞ்சள் சட்டை?"

வேறு ஊர் அலுவலகத்துக்கு அனுப்புகிறாராம், அங்கே இரண்டு மாதம் ஆகுமாம். நான் இங்கே வேலை பார்க்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று மேல்மாடி அதிகாரியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலைய விட்டுப் போனவங்களுக்குத்தான் அந்தக் கடிதம் தர முடியும். சேராதவருக்கு எப்படித் தர்றது? நீங்க ஒரு ராஜினாமா எழுதிக் குடுங்க, அஞ்சே நிமிஷத்துல முடிச்சிடலாம்."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவன், சேராத வேலைக்கு ராஜினாமாவா? முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் இரண்டு பூத்தொட்டி உடைந்தது. காவலாளி வந்து கெஞ்சினார், நான் அசையவில்லை. மகன் ஆபீஸிலிருந்து ஓடி வந்து, "அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா. அத்தை வீட்டுக் கல்யாணம்ப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு கையெழுத்துதான்டா, ஆனா பொய்க் கையெழுத்து" என்றேன். எழுத மாட்டேன், தங்கச்சி. அவர்களே கூப்பிட்டு என் கையில் கொடுக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பாஸ்போர்ட் கிடைத்த மறுநாள் உன் வீட்டில் இருப்பேன். ஒரு வழி டிக்கெட்தான். மாடி அறைக்கு வெள்ளையடித்து வை, இனி இந்தத் திசையிலேயே நான் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கல்யாணப் பெண் நூறு வருஷம் எந்த வரிசையிலும் நிற்காமல் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத உன் அண்ணன்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் உன் பெண் போன் செய்தாள். "மாமா, நீங்க வராம நான் மணமேடைக்குப் போக மாட்டேன்" என்றாள், அழுதுவிட்டாள். ராஜினாமாவை நாலே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷ அனுமதி முத்திரையோடு பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது, கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன். மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம். நான் ராஜினாமா செய்ததால் ஓர் இடம் காலி என்று அதிகாரி வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நேர்காணல். நாற்பது பேர் வருவார்களாம், அந்த வரிசையை யார் கட்டி மேய்ப்பது என்று நாலாம் கவுண்ட்டர் அம்மாள் இப்போதே கவலைப்படுகிறார். நாற்பது பேருக்கும் சீட்டு எழுதிக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்றாம் நம்பர் என் பையில் இருக்கிறது.