கணினிக்குக் கிடைத்த பதவி உயர்வு

வெறும் உத்தரவாலேயே ஒரு கணினிக்குப் பதவி உயர்வு கொடுத்த மகான் உலகத்தில் ஒருவர்தான். அவர் அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக வாய்த்தது நோயாளிகள் செய்த பாக்கியம். போன மாதம்வரை சாதாரண மேற்பார்வையாளர். இப்போதும் அறை அதே, நாற்காலி அதே, ஒன்றும் தெரியாத தெளிவும் அதே. கதவில் மட்டும் ‘புத்தாக்கத் தலைவர்’ என்று புதிய பித்தளைப் பலகை மின்னியது.

எல்லாப் பிரிவுகளையும் இயக்கும் தலைமைக் கணினியான சர்வரைக் கவனித்துக்கொள்பவளை நர்சுகள் ‘சர்வர் அக்கா’ என்பார்கள். அன்று காலை மாடி வார்டில் அவள் தம்பி பித்தப்பைக் கல்லோடு, அறுவைக்காகப் பட்டினி கிடந்தான். இரத்தப் பரிசோதனை அறிக்கை டாக்டரின் திரைக்கு வந்தால்தான் அறுவை. கையால் எழுதிய தாளை யாரும் தொடக்கூடாது என்பது தலைவரின் ‘காகிதமற்ற புரட்சி’.

அறிக்கை அனுப்பும் பழைய மென்பொருளை முந்தின நாள்தான் தலைவர் நீக்கச் சொல்லியிருந்தார். புதியது, எங்கோ யாரோ தயாராகச் செய்து கட்டி அனுப்பிய தொகுப்பு. அதை நிறுவப் பார்த்தாள். ஏற மறுத்தது. ‘இது பதினான்காம் பதிப்புக்கு உரியது, உங்கள் கணினி பதினொன்று’ என்றது திரை.

“சார், முதல்ல சிஸ்டத்தையே முறையா புதுப்பிக்கணும். இன்னைக்கு அதுக்கு நேரமில்ல. பழைய மென்பொருளையே திருப்பிப் போட்டுடறேன், உடனே வேலை செய்யும்.”

“பின்னாடி போறதுக்காம்மா என்னைத் தலைவராக்கினாங்க?”

அவசரக் கூட்டம் கூடியது. கணக்கு அதிகாரியும் விளம்பர அதிகாரியும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிஸ்கட் வந்தபின் சிந்தனை தொடங்கியது.

“நம்ம கணினி பதினொண்ணுன்னு யார் சொன்னது?” என்றார் தலைவர்.

“அதுவேதான் சார். உள்ள ஒரு கோப்புல எழுதியிருக்கு.”

“எழுதினதுதானே? பதினாலுன்னு மாத்தி எழுதுங்க!”

கணக்கு அதிகாரி கைதட்டினார். செலவே இல்லாத முன்னேற்றத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

“எழுதிட்டா மட்டும் அது பதினாலு ஆயிடாது சார்.”

“அதுக்கும் கொஞ்சம் தன்னம்பிக்கை வேணுமில்ல? இது என் உத்தரவு.”

அவள் பையிலிருந்த போன் அடித்தது. “அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்? பசியா வலியான்னே தெரியல” என்றான் தம்பி. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினாள்.

கணினி நம்பிவிட்டது. புதிய தொகுப்பு சமர்த்தாக ஏறியது. துணைக்கு வேண்டும் என்று மற்ற தொகுப்புகளையும் பதினான்காம் பதிப்புக்கானதாக மாற்றிக்கொண்டது. பிறகு எதைத் தொட்டாலும், ‘எனக்கு வேண்டியது இந்தக் கணினியில் இல்லை’ என்ற ஒரே பல்லவி. வரவேற்பறை நின்றது, மருந்துக்கடை நின்றது, டாக்டரின் திரை இருண்டது. அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “நாளைக்குப் பார்க்கலாம்” என்று வீட்டுக்குப் போனார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மாலையில் விசாரணைக் குழு அதே அறையில், அதே பிஸ்கட்டோடு கூடியது. தலைவரே விசாரித்து, தலைவரே தீர்ப்பை வாசித்தார்: ‘மேற்படி கணினி, தன் பதிப்பு குறித்துப் பொய்த் தகவல் அளித்து நிர்வாகத்தை ஏமாற்றியுள்ளது.’

காகிதத்தை மேசையில் அடித்தார்.

“உள்ள ஒரு சரக்கும் இல்லாம, பேரை மட்டும் மாத்திக்கிட்டு பெரிய வேலையில வந்து உட்கார்ந்தா இப்படித்தான்! ஆஸ்பத்திரியே நாறிப்போச்சு. இதுக்கு என்ன பண்ணலாம்? சொல்லுங்கம்மா!”

“பழைய பேரையே மாட்டிடலாம் சார்” என்று சர்வர் அக்கா திருப்புளியோடு எழுந்தாள்.

சர்வர் அறைக்குப் போகவில்லை. தலைவரின் கதவருகே நின்று, பித்தளைப் பலகையின் முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள்.