பூச்சி நோட்டும் பதிவுத் தாசில்தாரும்

கீழச்செம்பியநல்லூர்,
12-3-1972, ஞாயிறு.

மாயூரத்தில் வக்கீலாக இருக்கும் என் தம்பி துரைராசுவுக்கு, அக்காள் ரெங்கம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் சுகம், கொல்லையும் சுகம். நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். முக்கியமாக நீ, ஏனென்றால் இதைப் படித்து முடித்ததும் உனக்கு வேலை இருக்கிறது.

நம் கிழக்குக் கொல்லை இரண்டு மா நிலத்தையும், பாடுபடுகிறவன் பேரில் குத்தகை பதியும் புதுச் சட்டப்படி, தன் குத்தகையாகப் பதிந்து தரும்படி கண்ணுசாமி மனுப் போட்டதும், வியாழக்கிழமை பதிவுத் தாசில்தார் நேரில் பார்க்க வருவதாக இருந்ததும் உனக்குத் தெரியும். "அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது அக்கா. 'கொல்லையை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரே வரி சொல்லிவிட்டு உள்ளே போய்விடு" என்று எழுதியிருந்தாய். ஒரே வரியில் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை. தவிர, அத்தாட்சி இல்லாமல் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் பதினோரு வருஷத்து அத்தாட்சி இருந்தது.

என் பூச்சி நோட்டைத்தான் சொல்கிறேன். உன் அத்தான் காலமான வருஷம் முதல், மாசி பிறந்தால் தினம் காலை ஏழிலிருந்து எட்டரை வரை கொல்லையில் நின்று, வருகிற தேனீ, வண்ணத்துப்பூச்சி, வண்டு, தும்பி எல்லாவற்றையும் எழுதிவருகிறேன். கான்வென்டில் மதர் பெர்னதெத் கற்றுக்கொடுத்த முறைப்படி நான்கு கட்டம்: பார்த்தது, இடம், நேரம், உடனிருந்தவர். நான்காவது கட்டம் இல்லாவிட்டால் அது வெறும் கதை என்பார் மதர். மையால்தான் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. இதற்கு மேல் என்ன ரிக்கார்டு வேண்டும், நான் கொல்லையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு?

தாசில்தார் சின்ன வயசு. வணக்கம் சொன்னார்; இந்த ஆட்சியில் யாரும் நமஸ்காரம் சொல்வதில்லை, எனக்கு ஆட்சேபமும் இல்லை. காப்பி வேண்டாம் என்றதில்தான் ஆட்சேபம். கண்ணுசாமி தோள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். முருங்கைப் பூவில் கருவண்டைக் காட்டினேன், மாம்பூவில் ஈக்களைக் காட்டினேன், மனிதர் எதையும் சரியாகப் பார்க்காமல், தரையில் படர்ந்திருந்ததைக் காட்டி இது என்ன கொடி என்றார். இதில் வருவது சிறு தேனீ, ஏழரை மணிக்கு மேல் வராது, காலில் மகரந்த மூட்டை இருக்கும் என்று விவரமாகச் சொன்னேன். கொடியைக் கேட்டேன் என்றார். சுரை என்றேன். "பரங்கிங்கம்மா" என்று கண்ணுசாமி மெதுவாகச் சொன்னான். அதனால் என்ன, பூவில் வந்து உட்கார்வது என் பாடம், பூ எதில் பூக்கிறது என்பது அவன் பாடம் என்று தாசில்தாருக்கு விளக்கினேன். அவர் உடனே ஏதோ எழுதிக்கொண்டார். தேனீயைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து, ஒரு 'ன' சுழி விட்டுப்போனதைக்கூடத் திருத்திக் கொடுத்தேன்.

பிறகு நோட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். முதல் வருஷத்துப் பக்கம்: மாசி ஒன்பது, நீலப்பட்டை போட்ட தேனீ, கத்தரிப் பூ, 7.40. உடனிருந்தவர்: கண்ணுசாமி, கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். தாசில்தார் இதை வாய்விட்டுப் படித்தார். அடுத்த வருஷத்தைப் புரட்டினார்: கண்ணுசாமி, அவரைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கடுத்தது: கண்ணுசாமி, ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தான், சத்தத்தில் தும்பி போய்விட்டது. அறுபத்தெட்டில் ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அதில், "கண்ணுசாமி வரவில்லை, மகள் கல்யாணம். ஆகவே நான்கு நாளாகக் கொல்லையில் ஒரு வேலையும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

"பதினோரு வருஷமும் இவர்தானாம்மா?" என்றார்.

"வராதவன் பேரை எழுதுவேனா?"

"அப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"நின்றுகொண்டிருந்தேன்."

அதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக, பிழையில்லாமல் எழுதுங்கள் என்றேன். நோட்டு என் கைப்பட எழுதியது, முழுக்க உண்மை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று போட்டேன். குத்தகையைப் பதிந்துவிடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்பது விளங்கிற்று. கண்ணுசாமி சிரித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. அம்மா நோட்டுல என் பேரு இருக்குன்னு இத்தினி வருசமாத் தெரியாதுங்க" என்றான்.

ஆகவே தம்பி, உடனே அப்பீல் போடு. அது பூச்சிகளைப் பற்றிய நோட்டு, கண்ணுசாமி தற்செயலாக அங்கே இருந்தான் என்று வாதாடு. தற்செயலாகப் பதினோரு வருஷமா என்று யாராவது கேட்டால் நீயே பதில் கண்டுபிடி. உன்னை எதற்குப் படிக்க வைத்தது? ஆனால் நோட்டில் தப்பிருக்கிறது என்று மட்டும் சொன்னாயோ, வேறு வக்கீலை வைத்து உன்மேல் கேஸ் போடுவேன். நான் சொல்கிறபடி செய்தால் ஜெயம் நிச்சயம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, தெளிவான கையெழுத்தோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரெங்கம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுகிற சமயத்தில் கண்ணுசாமி குரல் கேட்டது. வியாழனிலிருந்து என் கண்ணில் படாமல் இருந்தவன், வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, "அம்மா, கத்தரிப் பூவுல அந்த நீலப்பட்டை வந்து உலுக்குது. இந்த வருசத்துக்கு இப்பத்தான். நீங்க பாக்கணும்னு மருந்தடிக்காம வச்சிருக்கேன்" என்றான். போய்ப் பார்த்தேன். நீலப்பட்டைதான். உடனே நோட்டில் ஏற்றினேன். நேரம் 8.10. உடனிருந்தவர்: கண்ணுசாமி, குத்தகைதாரர். உள்ளதைத்தானே எழுத வேண்டும்? மையும் காய்ந்துவிட்டது. அதனால் அப்பீல் போடாதே. போட்டால் இந்தப் பக்கத்தையும் காட்டச் சொல்வார்கள், நான் காட்டுவேன்.