கடையில் இருந்தது, வீட்டில் இல்லை

தேடித் தேடி வாங்கிய வசதியை, வாங்கியவன் முகத்துக்கு நேராக அவனுடைய கம்ப்யூட்டரே "இல்லை" என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

நான் லினக்ஸ் பக்தன். 'கோபாலகிருஷ்ணன் வீட்டில் விண்டோஸ் நுழையாது' என்பது என் சட்டம். சட்டம் போட்ட வீட்டில்தானே ஓட்டையும் இருக்கும்? என் மனைவி வசுமதி ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சாப்ட்வேர் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் அவள் 'சரி' என்று சொன்ன பிறகுதான் மண்டபமே தேடும். அந்தச் சனியன் விண்டோஸில்தான் ஓடும்.

சமாதானத்துக்கு ஒரு வழி செய்தேன். லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் அவளுடைய விண்டோஸைக் குடிவைத்தேன். இதற்குப் பெயர் வர்ச்சுவலைசேஷன். உள்ளே இருப்பது, தான் ஒரு நிஜக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். மெமரியில் எட்டில் ஒரு பங்கு அவளுக்கு, மீதி எனக்கு. தர்மமான பங்கீடு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"என்னங்க, கட்டம் வரதுக்குள்ள சந்திரம்மா பொண்ணுக்கு வயசாயிடும் போலிருக்கு."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் வசு. சொந்த வீடும் வாடகை வீடும் ஒண்ணாகுமா?"

"அப்ப நான் வாடகைக்கா இருக்கேன்?"

"கம்ப்யூட்டர்ல மட்டும்."

அதன்பிறகு ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் பெங்களூர் போனேன். திரும்பி வந்தால் வீட்டில் அப்படி ஓர் அமைதி. வசுமதி புகார் சொல்வதையே விட்டுவிட்டாள். தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே மேஜைமேல் காபி ஆவி பறக்கும். பக்கத்தில் என் லினக்ஸ் திரை தயாராக நிற்கும். 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நானே ஆன் பண்ணி வெச்சுட்டேன்' என்பாள். மனைவியைத் திருத்திய முதல் கணவன் நான்தான் என்று மார்தட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் நொண்டியது. ஊர் கரண்ட் சரியில்லை என்று மின்வாரியத்தைத் திட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பொத்தேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பிள்ளைகளுக்கு முன்னால் வர்ச்சுவலைசேஷனை நான் செய்து காட்ட வேண்டும். இப்போது லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலிலேயே அதற்கு வழி வந்துவிட்டது. ப்ராசஸரில் மட்டும் அந்த வசதி இருக்க வேண்டும். அது உள்ளதாகப் பார்த்துத்தான் ஸ்டேஷனுக்கு எதிரே எல்லப்பனின் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியிருந்தேன். ஒத்திகை பார்க்கலாம் என்று கட்டளையைத் தட்டினேன். 'இந்த ப்ராசஸரில் அந்த வசதி இல்லை' என்று பதில் வந்தது.

விடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன். கடை வாசலில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"எல்லப்பா, என்னை ஏமாத்திட்டியே."

"இன்னா சார், காலங்காத்தால. உள்ள வா, குந்து."

"உட்கார வரலை. வர்ச்சுவலைசேஷன் இருக்குன்னு சொல்லித்தானே தலையில கட்டினே? இல்லைங்குது."

எல்லப்பன் தன்னுடைய சிடி ஒன்றைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினான். திரையைக் காட்டினான். இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வசுமதி வயரை மாட்டி ஆன் செய்து கொடுத்தாள். கட்டளையைத் தட்டினேன். இல்லை. மறுபடி ஆட்டோ, மறுபடி கடை, மறுபடி இருந்தது.

"நம்ம கடையில கீது சார், உங்க வூட்ல இல்ல. நான் இன்னா பண்றது? வாஸ்து பாரு."

என்னை, ஒரு லினக்ஸ் பக்தனை, வாஸ்து பார்க்கச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்தேன். வசுமதி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடையில இருக்கு, வீட்டுக்கு வந்தா இல்லை. இது எந்த ஊர் நியாயம் வசு?"

"பொய்க் கம்ப்யூட்டருக்குள்ள அது எப்படிங்க இருக்கும்?"

"எது பொய்?"

"உங்களுது."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"நீங்க பெங்களூர்ல இருந்தப்ப மாத்திட்டேன். நிஜக் கம்ப்யூட்டர்ல, அடியில என் லினக்ஸு. அதுக்குள்ள ஒரு பக்கம் என் விண்டோஸு, இன்னொரு பக்கம் நீங்க. சாயங்காலமானா உங்களைத் திரை முழுக்க விரிச்சு விட்டுடுவேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"கல்யாணமானதுலேர்ந்து சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வேற என்ன பேசினீங்க?"

"எனக்கு மெமரி எவ்வளவு வெச்சிருக்கே?"

"எட்டுல ஒண்ணு. அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டீங்களே, கரண்ட்டைத் திட்டிக்கிட்டே."

எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். துரோகம், அராஜகம், சொந்த வீட்டிலேயே ஆக்கிரமிப்பு என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறேன் என்று மிரட்டினேன். தாராளமா அழிங்க என்றாள். அப்புறம்தான் உறைத்தது. நான் இத்தனை வருஷம் எழுதியது, சேர்த்தது, மெயில், போட்டோ எல்லாம் அவளுடைய டிஸ்க்கில் ஒரே ஒரு கோப்பாகச் சுருண்டு கிடந்தது. அதை அழித்தால் நானே அழிந்தேன். நாளை மறுநாள் பொத்தேரி வேறு.

குரலை இறக்கினேன்.

"சரிம்மா, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் நிஜக் கம்ப்யூட்டர் வேணும். பாஸ்வேர்டைச் சொல்லு."

"அதெப்படிங்க? பாஸ்வேர்டைக் கட்டின பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டு வரீங்க. புருஷன் மட்டும் என்ன ஒசத்தி?"

ஞாயிற்றுக்கிழமை பொத்தேரியில் ஹால் நிறையப் பிள்ளைகள். 'கட்டற்ற மென்பொருள் என்றால் விடுதலை. உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்களே எஜமான்' என்று முழங்கிப் பேச்சை ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பெரிய திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்து நின்றது. முன்வரிசையிலிருந்து வசுமதி எழுந்து மேடைக்கு வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள், மைக்கில்.

திரும்பிக்கொண்டேன்.