மாமனார் ஏற மறுத்த கார்

"முள்ளு செத்துக் கிடக்குதே மாப்பிள்ளை," என்றார் சுவக்கின், காருக்குள் தலையை விட்டபடி. "எண்ணெய் மீட்டர் வேலை செய்யாத வண்டியில நான் ஏற மாட்டேன். ஆயுசு முழுக்க ரெயில் இஞ்சின் ஓட்டினவன் நான்."

கிளறன்ஸ் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாவில் அவன் தம்பிக்குக் கல்யாணம். அதற்காகவே மாமனார் நாவலப்பிட்டியிலிருந்து அம்பிட்டிய வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். ஹந்தானைத் தோட்டத்துத் துரையிடமிருந்து கைமாறி வந்த பழைய கார் அது. அதில் மாமனாரை முன்னால் உட்காரவைத்து, சொந்தபந்தமெல்லாம் பார்க்கப் போய் இறங்க வேண்டும். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினால் மானம் போய்விடும்.

மெக்கானிக் முஹைதீன் வந்து மீட்டரைக் கழற்றினார். "உள்ளுக்குத் தண்ணி பூந்தீக்கி ஐயா. கூரைச் சீலை ஒழுகுது போல."

காயவைத்து மாட்டியதும் முள் அசைந்தது. கிளறன்ஸ் அன்றைக்கே கூரைச் சீலையைப் புதிதாகத் தைத்துப் போட்டான்.

மறுநாள் காலையில் எண்ணெய் முள்ளோடு வேக முள்ளும் படுத்துவிட்டது.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ரெண்டு," என்றார் சுவக்கின் வருத்தமாக. "நல்ல முன்னேற்றந்தான்."

கிளறன்ஸ் ரோஷத்தோடு மீட்டர்க் கண்ணாடிகளைச் சுற்றிப் புட்டிப் பசை அப்பினான். இடுக்கில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குடியிருக்க, கரண்ட் மீட்டரும் போய்ச் சேர்ந்தது. வேக முள் மட்டும் எழுந்து நின்று, ஷெட்டில் சும்மா கிடந்த கார் நாற்பது மைல் வேகத்தில் ஓடுவதாகச் சாதித்தது.

"ராத்திரி மழையே இல்லையேங்க," என்றாள் மனைவி மேபல்.

"பனியா இருக்கும்."

மேபலுக்கு வேறு கவலை. குரலைத் தாழ்த்தினாள். "அப்பா சாயந்திரம் மாதா கோயிலுக்குப் போய்ட்டு வர்றப்ப கோட்டுப் பையில போத்தல் தெரியுது. வந்ததும் நேரா ஷெட்டுக்குத்தான் போறாரு."

"குடிக்கிறாரா?"

"வாசனையே வரல."

"ஏலக்காய் மென்னிருப்பாரு. விடு, வயசான மனுஷன்."

அன்று மாலை கார் பக்கம் போன கிளறன்ஸ், உள்ளே மாமனாரின் முதுகைக் கண்டதும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டான். பெரிய மனிதர் ஒரு வாய் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில் மாப்பிள்ளை எதிரே போய் நிற்பது மரியாதையா? மீட்டர் மீட்டரென்று உயிரை வாங்கும் கிழவர் மேல் அவனுக்கு முதன்முறையாகப் பாசமே வந்தது.

சனிக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஈரம் ஆவியாகிப் போகட்டும் என்று ஒவ்வொரு மீட்டரின் தலையிலும் துளை போட்டான்.

முஹைதீன் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். "கீழால புட்டி, மேலால ஓட்டை. இனி குடைதான் புடிக்கணும்."

ஞாயிறு விடிந்தது. எண்ணெய் மீட்டரில் பாதிக் கண்ணாடி வரை தண்ணீர் நின்றது. மீன் வளர்க்கலாம் போலிருந்தது. கல்யாணக் கோட்டும் டையுமாகக் கிளறன்ஸ் காரின் கால்மிதிப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வராததுதான் குறை.

"மாமா, நம்ம பஸ்ஸிலயே போயிருவோம்."

சுவக்கின் மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகக் கதவைத் திறந்து முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"எடுங்க வண்டிய. மனுஷன் செய்யக்கூடியதெல்லாம் செஞ்சாச்சு. இனி கடவுள் விட்ட வழி."

கிளறன்சுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்றே தெரியவில்லை. மேபல் பின்னால் ஏறினாள். எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது, முட்களைப் பற்றி அதற்கென்ன கவலை. கார் வாசலைத் தாண்டும்போது, கோயிலில் மணியடிக்கும் லோரன்ஸ் இடுப்பில் குடத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்து மறித்து, சுவக்கினைப் பார்த்துச் சொன்னார்.

"பொறுங்க ஐயா. மீட்டரெல்லாம் சொகமாகணும்னு தினம் ஊத்துற தீர்த்தம் ஒரு போத்தல் பத்தலன்னீங்களே, சாமியார்கிட்ட சொல்லி ஒரு குடமே ஆசீர்வதிச்சுக் கொண்டாந்திருக்கேன்."